நாச்சியார் தின்னாத மாத்திரை

எனக்கு வாய் நீளம். நானே சொல்லிருதேன், பொறவு ஊரு சொல்லி நீங்க கேக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் ஜெபதுரை கம்பவுண்டரா இருந்தாரு. தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருசம் வாந்திபேதியில போயிட்டாரு. பிள்ளை குட்டி கிடையாது. பொழைக்க வழி வேணுமேன்னு, அவரு வேலை பாத்த டிஸ்பென்சரியிலேயே துணி அவிக்கவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் என்னைச் சேத்துக்கிட்டாவ. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல, ரெண்டு ரூமும் ஒரு வராந்தாவும் உள்ள ஓட்டுக் கட்டடம். புண்ணுல சாணியை அப்பிக்கிட்டு வந்தா திட்டுவேன். மருந்தை வாங்கிட்டுப் போயி கூரையில சொருகி வச்சிட்டு, சரியாகலியேன்னு வந்து நிக்கவனையும் திட்டுவேன். டாக்டர் ராபர்ட் ஐயாவே, "தேவகிருபை, வாரவன் பாதி நோய்ல சாகுதான், மீதி உன் ஏச்சுல சாகுதான்"னு சிரிப்பாவ.

அப்படிப்பட்ட என்னைத் தான் நாச்சியாருக்குத் துணையா உக்காரச் சொன்னாவ. அவ கதையைத் தான் சொல்ல வந்தேன்.

நாச்சியார் வ. புதுப்பட்டிப் பொண்ணு. அப்பன் நிலபுலம் உள்ள சம்சாரி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கருத்தம்மாள் மகன் உக்கிரபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்தா. வந்த புதுசுல துருதுருன்னு இருப்பாளாம். இடுப்புல ஒண்ணும் தலையில ஒண்ணுமா தண்ணிக்குடம் எடுத்துக்கிட்டு, பேசிக்கிட்டே தெருவுல நடந்து வருவாளாம். நான் பாத்ததில்ல, சொல்லக் கேள்வி. முப்பத்தெட்டாம் வருசம் ஒரு ஆம்பளப் பிள்ளை பெத்தா. நாலு மாசத்துல அது காய்ச்சல்ல செத்துப் போச்சு. அதுல பிடிச்சது சனி.

முகம் வீங்கிருச்சு. கண்ணு ரெண்டும் இடுங்கிப் போச்சு. குரல் ஆம்பளைக் குரலா ஆயிருச்சு. தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டி, புருவம் பாதியைக் காணோம். சித்திரை வெயில்ல கம்பளியைப் போத்திக்கிட்டு அடுப்போரமா உக்காந்திருப்பா. ஏதும் கேட்டா, பதில் வாரதுக்குள்ள கேட்டவ எந்திரிச்சுப் போயிருவா. உலை பொங்கி அடுப்பை அணைச்சாலும் பாத்துக்கிட்டே இருப்பாளாம், கை நீளாது.

அதையெல்லாம் கூட ஊரு பொறுத்திருக்கும். அவ அழல. பெத்த பிள்ளை செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அதைத் தான் யாரும் மன்னிக்கல. கல்நெஞ்சுக்காரின்னாளுக. பிள்ளையைத் தின்னுட்டு உப்பிப் போயி உக்காந்திருக்கான்னாளுக. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கருத்தம்மாள் கோடாங்கியைக் கூட்டியாந்து உடுக்கடிக்க வச்சா. அந்தப் பாவி வேப்பங்குழையால விளாசுனான். அடி விழுந்து செத்த நேரம் கழிச்சுத் தான் இவ வாயில இருந்து "ஐயோ"ங்கிற சத்தமே வந்துச்சாம். அதுக்கும் பேய்க்குறின்னு சொல்லிட்டானுக.

உக்கிரபாண்டி கெட்டவன் இல்ல. ரெண்டு வருசம் வேற கல்யாணப் பேச்சுக்கு இடம் கொடுக்காம இருந்தான். பொறவு அவனாலயும் முடியல. நாப்பதாம் வருசம் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தப்ப பேரைக் கொடுத்துட்டான். கிளம்புத அன்னைக்கு எல்லாருகிட்டயும் சொல்லிட்டு, கடைசியா அடுப்பங்கரைக்கு வந்து, "உன் முகத்தைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு நாச்சி"ன்னுட்டுப் போயிட்டான். போயிட்டு வாங்கன்னு சொல்ல இவ வாயைத் தொறக்குறதுக்குள்ள அவன் தெருமுனையைத் தாண்டிட்டான். இதை எங்கிட்ட அவ பத்து தடவையாவது சொல்லிருப்பா.

அவன் போன ரெண்டு மாசத்துல, இவ அண்ணன் வண்டி கட்டி எங்க டிஸ்பென்சரிக்குக் கூட்டியாந்தான். டாக்டர் ஐயா நாக்கை நீட்டச் சொன்னாவ, கையில தோலைக் கிள்ளிப் பாத்தாவ, நாடியை ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்தாவ. "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுல ஊறுத சத்து தான் உடம்பையும் புத்தியையும் ஓட்டுது. இவளுக்கு அது வத்திப்போச்சு. பிள்ளை பெத்த பொறவு சிலபேருக்கு இப்படி ஆகும். தினம் ஒரு மாத்திரை தின்னா ஆளு திரும்பிருவா"ன்னாவ. எத்தனை நாளைக்கு ஐயான்னு அண்ணன் கேட்டான். "உசிரு இருக்க மட்டும்."

மாத்திரையை அவிய மொத்தமாக் கொடுக்க மாட்டாவ. ஏழு மாத்திரை ஒரு பொட்டலம். வியாழனுக்கு வியாழன் வந்து வாங்கணும். நம்ம சனம் மொத்தமாக் கொடுத்தா மொத்தமா முழுங்கும், இல்லாட்டா மொத்தமா மறக்கும். எனக்கும் ஒரு வேலை சொன்னாவ. "வந்தவளை உடனே அனுப்பாத. பக்கத்துல உக்கார வை. பேசுனா கேளு. பேசலைன்னா நீயும் சும்மா இரு. புத்தி சொல்லாத, ஜெபம் பண்ண இழுக்காத, திட்டவே திட்டாத."

"சும்மா உக்கார நான் எதுக்கு ஐயா? ஒரு தலையணையை வச்சிட்டுப் போங்க"ன்னேன்.

"மாத்திரை வீக்கத்தை வத்த வச்சிரும். ரெண்டு வருசமா அவளை மாடுன்னும் பேயின்னும் சொல்லி வச்சிருக்காவளே, அதை எந்த மாத்திரை எடுக்கும்? இன்னொண்ணு, அவகிட்டப் பொய் சொல்லாத. விபூதின்னும் தீர்த்தம்னும் சொல்லி எதையெதையோ வாயில ஊத்திருக்காவ. ஒரு ஆளாவது அவகிட்ட நிசத்தைச் சொல்லணும்"னாவ.

வியாழக்கிழமை எனக்குக் கட்டுத் துணி சுருட்டுத வேலை. அவிச்சுக் காயப்போட்ட துணியை நீளமாக் கிழிச்சு, இறுக்கிச் சுருட்டி, டப்பாவுல அடுக்கணும். அவளுக்கும் ஒரு முனையைக் கொடுத்தேன். முதல் நாலு வியாழன் அவ வாயைத் தொறக்கல. நானும் தொறக்கல. ஆத்தாடி, பிள்ளை பெறாதவ நான், ஆனா பிரசவ வேதனைன்னா அப்படித்தான் இருக்கும். அஞ்சாம் வியாழன் அவளே பேசுனா. "அக்கா, எனக்கு வேர்க்குது."

அதுல என்னன்னு கேக்கப் போனேன். நல்ல வேளை, நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். கழுத்தைத் தடவி, ஈரமான விரலை எங்கிட்ட நீட்டுனா. ரெண்டு வருசமா அவளுக்கு வேர்வையே வந்ததில்ல. பெருசா எதையோ சம்பாதிச்சுக் கொண்டாந்த மாதிரி அந்த விரலைப் பாத்துக்கிட்டே இருந்தா.

மாசம் போகப் போக வீக்கம் வடிஞ்சுது. குரல் தெளிஞ்சுது. ஒரு நாளு துணியைச் சுருட்டிக்கிட்டு இருந்தவ, பாதியில நிறுத்தி, விரிஞ்சு கிடந்த மிச்சத் துணியைக் கையால அளந்து பாத்தா. "என் பிள்ளை இம்புட்டுத் தான் இருந்தான்"னா. சொல்லிட்டு அழுதா பாருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்திருக்க வேண்டிய அழுகை அன்னைக்குத் தான் வந்துச்சு. வராந்தாவுல இருந்த சனமெல்லாம் எட்டிப் பாத்துச்சு. "இங்க என்ன கூத்தா நடக்கு? போங்க, அவனவன் சொறி சிரங்கைப் பாருங்க"ன்னு விரட்டிட்டு, கதவைச் சாத்திக்கிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். ஆறுதல் சொல்லாம இருக்குறது எம்புட்டுக் கஷ்டம்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அதுக்குப் பொறவு மடை தொறந்தது கணக்காப் பேசுனா. அடுப்போரத்துல கிடந்தப்ப எல்லாம் காதுல விழுமாம். எருமைன்னது, பிணம்னது, எல்லாம் விழுமாம். பதில் மட்டும் வாய்க்கு வராதாம். "உள்ள நான் இருந்தேன்க்கா. யாரும் நம்பல"ன்னா. இன்னொரு வியாழன் வந்து, "மாத்திரை தின்னா நான் இப்படி. தின்னாட்டா அந்த எருமை. இதுல எதுக்கா நாச்சியார்?"ன்னு கேட்டா.

"ஏட்டி, கண்ணாடி போட்டா தான் எனக்கு ஊசிக்காது தெரியும். கழட்டுனா அரைக் குருடி. அதுக்காக நான் யாருன்னு கேட்டுக்கிட்டா அலையுதேன்?"ன்னேன்.

"கண்ணாடி வெளிய இருக்குக்கா"ன்னா. என்னைய வாயடைக்க வச்சவ அவ ஒருத்தி தான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. பணம் காசு, நகை நட்டு, இன்னொரு பிள்ளை, எதுவும் இல்ல. புருசன் ஒருக்கா வந்து தன் முகத்தைப் பாக்கணும். பயப்படாமப் பாக்கணும். "பாத்துட்டு வேண்டாம்னு சொன்னாலும் சரிக்கா. அந்த முகத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கக்கூடாது"ம்பா. அவளுக்கு எழுத்து தெரியாது. நான் தான் காகிதம் எழுதுவேன். அவன் மலேயாவுல இருந்தான். இப்ப நல்லாயிட்டா, புருவம் முளைச்சிருச்சு, சோறு கறி ஆக்குதா, வாயாடுதான்னு எழுதுனேன். பதில் வந்துச்சு: "அக்கா எழுதுனதை நம்புறதா என்னன்னு தெரியல. தை மாசம் லீவு கேட்டிருக்கேன். வந்து பாக்கேன்." ராஜபாளையத்துல போட்டோக் கடை இருக்கு, ஒரு படம் பிடிச்சு அனுப்புவோம் வாட்டின்னு கூப்பிட்டேன். போட்டோ பிடிச்சா ஆயுசு குறையும்னு மாமியார் விடல. இவளும், "தை தானேக்கா, நேர்லயே பாக்கட்டும்"னுட்டா.

அது நாப்பத்தொண்ணு. கார்த்திகை மாசம் ஒரு வியாழன். பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு மாத்திரையை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே, "இது எதுலக்கா செய்யுதாவ? இம்புட்டூண்டு என்னைய ஆளாக்கிருச்சே"ன்னா.

"ஆட்டுக் கழுத்துல அதே சுரப்பி இருக்குல்ல, அதை அறுத்து, காய வச்சு, பொடிச்சுச் செய்யுதாவ"ன்னேன்.

"ஐயய்ய, அப்ப நான் பாதி ஆடா?"ன்னு சிரிச்சா. "மே"ன்னு கத்திக் காட்டுனா. நானும் சிரிச்சேன். அவ வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா கிடாக்கறி வேகும், நல்லி எலும்புக்கு அவளும் மாமியாரும் மல்லுக்கு நிப்பாளுக. அவளுக்கு ஆட்டுச் சத்து ஒரு விசயமான்னு விட்டுட்டேன். நுணலும் தன் வாயால கெடும்பாவ. என் வாயால நான் கெடல, அவ கெட்டா.

மார்கழி பொறக்கப் போவுதுங்கிறது என் மண்டையில இல்ல. எங்களுக்கு அது கிறிஸ்மஸ் மாசம். முறுக்கு சுடணும், கோயிலுக்கு வெள்ளையடிக்கணும், பாட்டுப் பாடிக்கிட்டு வீடு வீடாப் போகணும். அவியளுக்கு மார்கழின்னா ஆண்டாள் மாசம். வீட்டுல கவுச்சி படாது. கருவாட்டுச் சட்டியைக் கூடக் கழுவிக் கவுத்து வச்சிருவாவ. இத்தனை வருசம் இந்த ஊர்ல குடியிருக்கேன், இது எனக்குத் தெரியாதா? தெரியும். மாத்திரையையும் மார்கழியையும் சேத்து நினைக்கல, அம்புட்டுத் தான்.

மார்கழிக்கு ஒரு வாரம் முந்தி, ஜப்பான்காரன் மலேயாவுல இறங்கிட்டான்னு பேப்பர்ல வந்துருச்சு. தபால் நின்னு போச்சு. தெருவுல பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புன வீடெல்லாம் இழவு வீடு கணக்கா ஆச்சு. கருத்தம்மாளும் பெத்தவ தானே. மாமியாரும் மருமகளும் ஆண்டாளுக்கு நேந்துக்கிட்டாளுக. மார்கழி முப்பது நாளும் விடியுமுன்ன திருமுக்குளத்துல முழுகி, ஈரத்துணியோட கோயிலைச் சுத்தி, ஒருவேளைச் சோறு. கவுச்சி நினைப்புல கூடப் படக்கூடாது. அவன் உசிரோட வந்து சேரணும்.

மார்கழி நாலாம் தேதி வியாழக்கிழமை. நாச்சியார் ஈரத்தலையோட வந்தா. நோன்பு இருக்கேன்னு சொன்னா. சரி, நல்லா இருட்டின்னேன். அந்த வருசம் கிறிஸ்மஸும் வியாழன், புது வருசமும் வியாழன். ரெண்டு வாரமும் டிஸ்பென்சரி கிடையாது. அதனால வழக்கத்தை மீறி மூணு பொட்டலம் சேத்துக் கொடுத்தேன், இருபத்தோரு மாத்திரை. கண்ணுல ஒத்திக்கிட்டு முந்தியில முடிஞ்சுக்கிட்டா. "நாள் தப்பாமத் தின்னுட்டி"ன்னேன். தலையை ஆட்டுனா. எந்தப் பக்கம் ஆட்டுனான்னு இன்னைக்கு வரைக்கும் நினைச்சு நினைச்சுப் பாக்கேன். என் கண்ணு அப்ப முறுக்கு மாவுல இருந்துச்சு.

மூணு வாரம் கழிச்சு மார்கழி இருபத்தஞ்சாம் தேதி வந்தா. வராந்தாவுல ஏறும்போதே தெரிஞ்சு போச்சு. ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறுனா. முகம் மறுபடி உப்பிருந்துச்சு. உதடெல்லாம் தடிச்சு, தோலு வெளுத்துக் கிடந்துச்சு. "அக்... கா"ன்னா. அந்தப் பழைய குரல். அவ முந்தியைப் பிடிச்சு இழுத்து முடிச்சை அவுத்தேன். மூணு பொட்டலமும் அப்படியே இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரத்துல மிஞ்சுன மாத்திரையும் கிடந்துச்சு.

"அடி மூதி, ஏண்டி தின்னல?"

ரொம்ப நேரம் கழிச்சுப் பதில் வந்துச்சு. "ஆட்டுக் கழுத்துன்னீங்களேக்கா. நோன்புல எப்படித் தின்ன?"

எனக்கு மண்டையில இடி இறங்குனது மாதிரி இருந்துச்சு. டாக்டர் ஐயா மகளைக் காலேஜுல விடப் போயிருந்தாவ, சனிக்கிழமை தான் வருவாவ. நானே கையைப் பிடிச்சுக் கெஞ்சுனேன். இது கறி இல்ல, மருந்து. மருந்துக்கு எந்தச் சாமியும் கோவிக்காதுன்னேன். அவ நிதானமாத் தலையை ஆட்டிட்டு, "இன்னும் ஆறு நாளு. தை பொறந்ததும் தின்னுருதேன். அவரு உசிருக்கு நேந்தது. நான் ஒண்ணைத் தின்னு, அங்க அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"ன்னா.

உள்ள போனேன். கல்வத்துல ரெண்டு மாத்திரையைப் போட்டு நுணுக்கினேன். கருப்பட்டிக் காப்பியில கலந்து, டம்ளர்ல ஊத்திக் கொண்டாந்து நீட்டுனேன். கையை நீட்டி வாங்கப் போனவ, என் முகத்தைப் பாத்தா. "வேற ஒண்ணும் இல்லையேக்கா?"

இல்லட்டின்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லிருந்தா குடிச்சிருப்பா. எங்கிட்ட அம்புட்டு நம்பிக்கை அவளுக்கு. ஊரு பூராவும் நீளுத என் நாக்கு அன்னைக்கு அசையல. நான் பேசாம நின்னதைப் பாத்தே அவளுக்குப் புரிஞ்சு போச்சு. டம்ளரைக் கீழ வச்சிட்டா. "நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு எனக்குத் தெரியும்க்கா"ன்னா. சத்தியமாச் சொல்லுதேன், அந்த வார்த்தைக்கு அவ என் கன்னத்துல ஓங்கி அறைஞ்சிருக்கலாம்.

அவ போனதும் விறுவிறுன்னு கருத்தம்மாள் வீட்டுக்குப் போனேன். அங்கயாவது ஒழுங்காப் பேசிருக்கணும். வாசல்ல கோலம் போட்டுப் பூசணிப்பூ வச்சிருந்தா. விசயத்தைச் சொன்னேன். அவ நியாயமாத் தான் பேசுனா. "ரெண்டு வருசம் அந்த மாத்திரை இல்லாமத் தானே இருந்தா? ஆறு நாள்ல செத்தா போவா? நேந்ததை முடிச்சிருவோம், பொறவு நானே கையால எடுத்துக் கொடுக்கேன்"னா. அவ காலைப் பிடிச்சிருக்கலாம். டாக்டர் வார வரைக்கும் பச்சைத் தண்ணியில மட்டும் முழுக வேண்டாம்னாவது கேட்டிருக்கலாம். அதை விட்டுட்டு என் பாழாப்போன வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "உன் மகன் இந்நேரம் செத்துக் கிடப்பான். அவனுக்காக இவளையும் ஏன் கொல்லுத?"

கருத்தம்மாள், "வேதக்காரி, என் வாசல்ல நின்னு என் பிள்ளைக்குச் சாவு சொல்லுதியா?"ன்னு கதவைச் சாத்திட்டா. அதோட அந்த வீட்டுல என் பேச்சுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போச்சு. நாச்சியாரையும் எங்கிட்ட அனுப்பல.

மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை. நாங்க கோயில்ல ஆராதனையில இருந்தோம். டாக்டர் ஐயா சனிக்கிழமை ராத்திரி தான் வந்து சேந்தாவ, ஆராதனை முடிஞ்சதும் அந்த வீட்டுக்குப் போவோம்னு சொல்லிருந்தாவ. டிஸ்பென்சரிக்கு நாச்சியாரை வண்டியில கொண்டாந்திருக்காவன்னு ஆளு ஓடி வந்துச்சு. டாக்டர் ஐயா முன்னால ஓட, பின்னால நான் ஓடுனேன். விடியக்காலம் குளத்துல முழுகிட்டு வந்து, ஈரச்சேலையை மாத்தாம அடுப்போரத்துல சாஞ்சிருக்கா. தூங்குதான்னு விட்டிருக்காவ. வெயில் ஏறுன பொறவு எழுப்புனா எந்திரிக்கல. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. மூச்சு ஒண்ணு விட்டா, அடுத்ததுக்கு நாம காத்துக்கிட்டு இருக்கணும். டாக்டர் ஐயா மாத்திரையைக் கரைச்சுக் குழாய் வழியா உள்ள விட்டாவ. போர்வையாப் போத்தி, வெந்நீர் பாட்டில் வச்சு, கையையும் காலையும் தேச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் நிறுத்தாமப் பேசுனேன். ஏட்டி நாச்சி, எந்திரிட்டி, தை பொறக்கப் போவுது, அவன் வாரான்டின்னு. உள்ள இருந்தா கேட்டிருக்கும். கேட்டும் பதில் சொல்ல முடியாமக் கிடந்திருப்பான்னு நினைச்சா என் நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. மறுநாள் காலம்பற மூச்சு நின்னு போச்சு. வயசு இருபத்தஞ்சு.

அன்னைக்கு மார்கழி இருபத்தொம்பது. கருத்தம்மாள் மார்ல அடிச்சுக்கிட்டு அழுதா. முதல்ல மருமகளுக்காகத் தான் அழுதா, அதை மறைக்கக்கூடாது. பொறவு திடீர்னு அழுகை மாறிருச்சு. "ஒரு நாள் கிடந்துச்சே! வீட்டுல தீட்டு விழுந்துருச்சே! நோன்பு முறிஞ்சு போச்சே, என் பிள்ளை என்ன ஆவான்!"னு தலையைச் சுவத்துல முட்டுனா. அவளைத் திட்ட எனக்கு வாய் வரல.

மறுமாசம் சிங்கப்பூர் விழுந்துருச்சு. உக்கிரபாண்டியைப் பத்தி ஒரு தகவலும் இல்ல. டாக்டர் ஐயா என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலை. மறுபடி வியாழக்கிழமை வந்துச்சு, துணியைச் சுருட்டுனேன், டப்பாவுல அடுக்குனேன். நாலு வருசம் அப்படியே போச்சு.

நாப்பத்தாறுல அவன் வந்துட்டான். ஜப்பான்காரன் கேம்ப்ல இருந்து எலும்பும் தோலுமா வந்து இறங்குனான். ஊரே திரண்டு போயிப் பாத்துச்சு. அப்ப ஆரம்பிச்சாளுக ஒரு பேச்சு. நாச்சியார் தன் உசிரைக் கொடுத்துப் புருசன் உசிரை மீட்டுட்டா, அவ பத்தினின்னு. பேய் பிடிச்சவன்னு வேப்பங்குழையால அடிச்ச அதே தெரு தான். கருத்தம்மாள் அவ பேருக்கு விளக்கேத்தி வச்சுக் கும்பிட்டா. கல்யாணமான பொண்ணுக அந்த விளக்குல குங்குமம் எடுத்துக்கிட்டுப் போனாளுக. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. யாரைத் திட்ட?

ஒரு நாளு உக்கிரபாண்டி டிஸ்பென்சரிக்கு வந்தான். கால்ல ஆறாத புண்ணு. கட்டுப் போட்டு முடிச்சேன். பொறவு, "அக்கா, எனக்காக இருந்த நோன்பால தான் அவ செத்தான்னு சொல்லுதாவ. அப்படிச் சொல்லிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிடுதாவ. நீங்க சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"ன்னான்.

எல்லாத்தையும் சொன்னேன். ஆட்டுக் கழுத்துன்னு நான் சொன்னது, மூணு பொட்டலம் சேத்துக் கொடுத்தது, காப்பி டம்ளர், அவன் அம்மாகிட்ட நான் பேசுன பேச்சு, ஒண்ணையும் விடல. நாலு அடி அடிச்சாலும் வாங்கிக்கிடுவோம்னு தான் சொன்னேன். அவன் அடிக்கல, ஏசல.

"குணமாகி நல்லா இருந்தாளே, அப்ப எப்படி இருந்தா? அதைச் சொல்லுங்க"ன்னான்.

கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன். சொன்னேன். வத்துன முகத்துல தாடை எலும்பு எப்படித் தெரியும், புருவம் முளைச்சப்ப தடவித் தடவிப் பாத்தது, முடி வளந்து சின்னதா ஒரு கொண்டை போட்ட அன்னைக்குத் திரும்பித் திரும்பிக் காட்டுனது, சிரிச்சா மேல் ஈறு தெரியும்னு கையால வாயைப் பொத்துவாளே அது, கழுத்துல வேர்வை துளிர்த்தா துடைக்காம விட்டு வைப்பாளே அது. எம்புட்டு நேரம் சொன்னேன்னு தெரியல. அவன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுக் கேட்டான். நெத்தி சுருங்கிப் போயி, பல்லைக் கடிச்சுக்கிட்டு, பாரம் தூக்குதவன் மாதிரி இருந்தான்.

நான் நிறுத்துனதும் கண்ணைத் தொறந்தான்.

"வரலக்கா"ன்னான். "நீங்க சொல்லுத ஆளு எனக்கு வரல. அந்த வீங்குன முகம் தான் வருது."